வேண்டுதல் இல்லாமல் ஓடியவன்

அந்த மஞ்சள் பனியனை வாங்கியவன் நான்தான். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் "யாரோ கொடுத்தது" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பனியனும் இல்லை, அதன் சாயம் மட்டும் என் பழைய சட்டைக் காலர் ஒன்றில் இன்னும் இருக்கிறது.

என் புத்தி கெட்டதற்குக் காரணம் படிப்பு. யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலில் வரும் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பேன். அந்த நாட்டில் பெரிய சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கிறதாம். அதில் முன்னால் போகிறவனுக்கு மஞ்சள் பனியன் போட்டுவிடுவார்களாம். அவனைப் பார்த்ததும் ஊரே ஒதுங்கி வழிவிடுமாம். என் அக்காள் மகன் அந்தோணிசாமி விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஓடப்போகிறான் என்று செய்தி வந்த அன்றே கடைத்தெருவுக்குப் போய், நல்ல எலுமிச்சை மஞ்சளில் ஒரு பனியன் வாங்கிவிட்டேன்.

பிரான்சில் மஞ்சள் பனியனுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் விக்கிரவாண்டிச் சாலையில் மஞ்சள் துணிக்கு என்ன அர்த்தம் என்பது மறந்துபோயிற்று. நான் பிறந்ததும் வளர்ந்ததும் பிரான்சில் அல்ல, விழுப்புரத்துக்கு இரண்டு கல் தொலைவில்.

சனிக்கிழமை மத்தியானம் புதுச்சேரியில் ரயிலேறினேன். அப்போது எங்களுக்கு விழுப்புரம் அயல்நாடு. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கொடி மாறும், ராஜா மாறுவார், போலீஸ்காரன் தொப்பி மாறும். எல்லையில் வண்டி நின்றதும் சுங்கக்காரர்கள் ஏறி, கல்யாணத்துக்குப் போகிறவர்களின் பலகாரத் தூக்கைக்கூடத் திறந்து மோந்து பார்ப்பார்கள். புதுப் பனியனுக்குத் தீர்வை கேட்பார்கள் என்று ஒருவர் பயமுறுத்தியிருந்ததால், அதைச் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். "உசிர் போனாலும் சாயம் போகாது" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆடி வெயிலில், அந்தப் பெட்டியின் நெரிசலில், என் உயிர் போவதற்கு வெகு முன்பே சாயம் போயிற்று.

சுங்கக்காரர் என் எதிரில் வந்து நின்றார். என் பெட்டியைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா, கழுத்தெல்லாம் மஞ்சளா கீது?"

"வேர்வைங்க."

"வேர்வ மஞ்சளாவா வரும்? கண்ணக் காட்டு."

காட்டினேன். முந்தின இரவு புழுக்கத்தில் தூங்காத கண். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"காமால. முத்திப்போச்சு. பெட்டிய மூடு, மூடு, நான் தொடல. கீழாநெல்லிய அரச்சு மோருல கலக்கிக் குடி. எண்ணெ, புளி கிட்டயே போவாத."

பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் ஓரத்துக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் மெல்ல நகர்ந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு முழு பெஞ்சில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்த மனிதன் அந்தக் காலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினால் முதலில் மூக்குக்குத்தான் வரவேற்பு. கரிப்புகை, எண்ணெய், எஞ்சின் கக்கிய வெந்நீராவி, நடுவே வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. எங்கள் புதுச்சேரியில் கடற்காற்று எல்லா வாசனையையும் துடைத்துக்கொண்டு போய்விடும். விழுப்புரத்தில் வந்த வாசனை எதுவும் திரும்பிப் போவதில்லை. இப்போதும் எங்காவது கரிப்புகை அடித்தால் எனக்குப் பசிக்கிறது.

அந்தோணி பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளிப் போடும் தற்காலிகக் கூலி. பல்லும் கண்ணும் தவிர மற்றதெல்லாம் கரி.

"வாங்க மாமா. இன்னா மாமா இது, மஞ்சத் தண்ணி ஊத்திக்கினா வந்தீங்க?"

"இது உனக்குத்தான்" என்று, அவன் வீட்டுக்குப் போனதும் பனியனைக் கழற்றிக் கொடுத்தேன். பிரான்சு, சைக்கிள், முதல் ஆள் எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் பனியனை விரித்துப் பார்த்து, "ஓடறதுக்கு முந்தியே மொத ஆளா?" என்று சிரித்தான். என் அக்காள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ஆடி முடிவதற்குள் தற்காலிக ஆட்களையெல்லாம் நிறுத்திவிடப் போகிறார்கள். ஷெட் ஃபோர்மன் ஓர் ஆங்கிலோ இந்தியர், விளையாட்டுப் பைத்தியம். ஓட்டப் பந்தயத்தை ஏற்பாடு செய்த சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். முதல் மூன்று இடத்துக்குள் வரும் கரிக்கூலிக்கு எஞ்சின் துடைக்கும் வேலையை நிரந்தரமாகத் தருவேன் என்று சொல்லியிருந்தார். வராதவர்களுக்காக, கூலிக்கு ஆள் பிடித்துக் கப்பலேற்றும் ரங்கூன் மேஸ்திரி காத்திருந்தான். அந்தோணியின் கூட்டாளிகள் இரண்டு பேரைப் பேசி முடித்துவிட்டு, எங்கள் அக்காள் வீட்டுக்கும் ஒரு தடவை வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருந்தான்.

"தம்பி" என்றாள் அக்காள், "நீ இன்னா பண்ணுவியோ, எப்படிப் பண்ணுவியோ. எம்புள்ள கப்பல் ஏறக்கூடாது. இவங்க அப்பா சமுத்திரத்தத் தாண்டிப் போனவருதான். இன்னும் வரல."

அன்று ராத்திரி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அந்தோணி இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டான். ஏனென்றால் காலையில் மாதா கோயில் முதல் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வேண்டும். அந்த நாளில் எங்கள் திருச்சபைச் சட்டப்படி நடு இரவுக்குமேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது.

"பந்தயத்தன்னைக்கு மட்டும் நன்மை வாங்காமல் இருந்தால் என்ன?" என்று கேட்டேன்.

அக்காள் என்னை முறைத்தாள். "அத வாங்காம எந்த தைரியத்துல ஓடறது?"

புதுச்சேரியிலிருந்து இரண்டு நீள ரொட்டி கொண்டுபோயிருந்தேன். காலையில் பூசை முடிந்து கோயில் வாசலில் அதை நீட்டினேன். அதற்குள் ஜங்ஷன் பக்கம் கொட்டு அடித்துவிட்டார்கள். பந்தயம் புறப்படப் போகிறது. இருபது மைலுக்கு மேல் ஓட வேண்டிய என் மருமகன் முந்தின இரவுக் கருவாட்டை மட்டும் நம்பிக் கிளம்பினான். ரொட்டி என் பையிலேயே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு ரிசர்வ் போலீஸ்காரர் ஆறு பச்சை முட்டையை வரிசையாக உடைத்து வாயில் விட்டுக்கொண்டிருந்தார். பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சிவப்புப் பனியன் போட்ட மெலிந்த ஆள் ஒருவன் யாரோடும் பேசாமல் ஓரமாகக் குதித்துக்கொண்டிருந்தான். மூன்று இடத்தில் ஒன்று இவனுக்குத்தான் என்று பார்த்ததுமே எனக்குத் தோன்றிவிட்டது. ஃபோர்மன் ஒவ்வொருவர் பனியன் முதுகிலும் எண் எழுதிய துணியைத் தைக்கச் சொன்னார். "எண் இல்லாத முதுகு என் கணக்கில் இல்லை. பனியனைக் கழற்றுகிறவன் வீட்டுக்குப் போகலாம்" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்தோணியின் மஞ்சளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது" என்றார். நான் பெருமையோடு தலைகுனிந்தேன்.

ஓட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் சைக்கிளில் ஒரு துணை உண்டு. அந்தோணிக்கு நான். வாடகைச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "சாலை முச்சூடும் மேடுதான் சார், நிக்கணும்னா மிதிக்கிறத நிறுத்துங்க" என்றார்.

இரண்டு பக்கமும் புளியமரம். காலை இருட்டு பிரியும்போது அந்தச் சாலையில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சில்லை, மோட்டார் இல்லை. அந்தோணி வெறுங்காலோடு, அலட்டிக்கொள்ளாமல், நாலாவதோ ஐந்தாவதோ ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். நான் பின்னாலே மிதித்துக்கொண்டு, இவன் ஜெயிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அதற்கு இணையான அரை மணி நேரம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. பிறகு முண்டியம்பாக்கம் வந்தது.

முண்டியம்பாக்கத்தில் சாலையோரத்து அம்மன் கோயிலில் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்டா அண்டாவாகக் கேப்பைக் கூழ், மேலே வெங்காயம், பக்கத்தில் முருங்கைக்கீரை. முன்னால் போன ஓட்டக்காரர்களை ஊர் வேடிக்கை பார்த்தது. அடுத்து அந்தோணி வந்தான். வேர்வையில் சாயம் இறங்கிக் கழுத்து, கை, இடுப்பு எல்லாம் மஞ்சள். வெறுங்கால். கூட்டம் இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

"அடியே, மஞ்ச கட்டிக்கினு ஓடியாறான் பாரு! வேண்டுதலைக்காரன்டீ! மலையனூரு ஆத்தா கோயிலுக்குத்தான் போறான்!"

"அவ்ளோ தூரமா? ஓட்டமாவா? எம்மாம் பெரிய வேண்டுதலோ!"

ஒரு குடம் மஞ்சள் நீரும் வேப்பிலையும் அவன் தலையில் இறங்கின. நான் பின்னாலிருந்து "அவன் வேண்டுதல் இல்லைங்க, பந்தயம்!" என்று கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒரு அம்மாள் சொம்பு நிறையக் கூழை அவன் வாயருகே கொண்டுபோய்விட்டாள். வேண்டுதலோடு வருகிறவன் கூழை வேண்டாமென்றால் ஊருக்கு ஆகாது. அந்தோணிக்கும் அது தெரியும். தவிர, பயல் முந்தின இரவிலிருந்து பட்டினி. கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று குடித்துவிட்டான்.

"நல்லாத்தான் கீது மாமா" என்றான் என்னைப் பார்த்து.

இந்த இடத்தில் என் படிப்பு மறுபடியும் தலை நீட்டுகிறது. ஓடுகிறவனுடைய ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும், வயிற்றில் வேலை பார்க்க ஆள் இருக்காது என்று அதே பிரெஞ்சுப் பத்திரிகையில்தான் படித்திருந்தேன். அந்த நேரத்தில் உள்ளே அனுப்பியது விலாசம் இல்லாத தபால் மாதிரி. ஒன்று வந்த வழியே திரும்பும், இல்லையென்றால் அவசர அவசரமாக அடுத்த ஊருக்குப் போகும். இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் பனியனைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

விக்கிரவாண்டிக்குள் நுழைவதற்குள் இன்னும் இரண்டு கோயில்கள், இன்னும் இரண்டு சொம்புகள். அந்தோணியின் ஓட்டம் மாறிவிட்டது. வயிற்றுக்குள் கூழ் குலுங்குகிற சத்தம் சைக்கிளில் வரும் எனக்கே கேட்டது.

"காலு ஒரு தாளத்துல ஓடுது மாமா. வயிறு வேற தாளத்துல ஓடுது."

"பல்லைக் கடித்துக்கொள்."

"பல்லு இன்னா மாமா பண்ணும்?"

விக்கிரவாண்டிக் கடைத்தெரு முனையில் அவன் நின்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கினான். உடம்பு நடுங்கியது, கண் செருகியது. இடம் தேடித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். அதைப் பார்த்த கூழ்க் கூட்டம் ஒரே குரலில் குலவை போட்டது.

"ஆத்தா வந்துட்டா!"

நிமிஷத்தில் வளையம் கட்டிவிட்டார்கள். பம்பைக்காரர் அவன் காதருகே வந்து அடித்தார். அந்த அடி ஆரோக்கியமான வயிற்றையே கலக்கும். கற்பூரம் ஏற்றிய தட்டோடு ஒரு பெண்மணி அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"தாயே, எங்க வெள்ளக்காள காணாம போயி ஒரு வாரம் ஆவுது. ஏர் நிக்கிது, புள்ளங்க பட்டினி. எந்தப் பக்கம் தேடறது? சொல்லு தாயே!"

அந்தோணி பல்லுக்கு நடுவே, "வழி உடுங்கம்மா" என்றான்.

"எந்தப் பக்கம் தாயே?"

வடக்கே ஏரிக்கரை தெரிந்தது. கரைமேல் அடர்ந்த தாழம்புதர் தெரிந்தது. அவனுக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கையை நீட்டி, "வடக்க! வடக்க!" என்று அலறினான்.

வளையம் பிளந்தது. அவன் பாய்ந்தான். ஒரு பெரியவர் கையை விரித்துக் கூட்டத்தைத் தடுத்தார். "யாரும் பின்னால போவாதீங்க. ஆத்தா ஒத்தையில போறா." அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஊரே ஏரிக்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்தியோடு நின்றது. அதற்குள் ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். சிவப்புப் பனியனும் போய்விட்டான்.

அந்தோணி திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் கால் லேசாகியிருந்தது.

"இப்பப் பரவால்ல மாமா. இன்னும் ஒரு வாய் குடிச்சேன்னா திண்டிவனத்துக்கு நான் போவ மாட்டேன். கூழுதான் போவும்."

பனியனைக் கழற்றச் சொல்ல முடியாது. எண் அதில்தான் இருக்கிறது. புரட்டிப் போட்டால் எண் உள்ளே போய்விடும், மஞ்சள் அப்போதும் மஞ்சள்தான். சாயக்காரன் கஞ்சத்தனமில்லாமல் இரண்டு பக்கமும் சாயம் ஏற்றியிருந்தான். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த ஊருக்கு முன்னாலே சைக்கிளை விட்டுக்கொண்டு போய்ச் சத்தம் போட்டேன்.

"சாமிக்கு வாய்க்கட்டு விரதங்க! கூழை நான் வாங்கிக்கிறேன்! அவருக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க!"

ஊர் ஒப்புக்கொண்டது. என் கழுத்தும் மஞ்சளாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தோணி தலையில் குடம் குடமாகக் குளிர்ந்த நீர். எனக்குச் சொம்பு சொம்பாகக் கூழ். நாவுக்கு அது அமிர்தமாகத்தான் இருந்தது. புதுச்சேரியில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் புளிப்பும் வெங்காயக் கடியும் வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த ஊரில் அதே அமிர்தத்தை முழுச் சொம்பாகக் குடிக்கும்போது, தேவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கத் தோன்றியது.

வெயில் ஏறிற்று. அந்தோணி மாத்திரம் ஈரத்தோடு, வேப்பிலை முதுகில் ஒட்டியபடி ஓடிக்கொண்டிருந்தான். வழியில் ஒருவர் ஒருவராக அகப்பட்டார்கள். பட்டாளத்துக்காரர் புளியமரத்தடியில் மீசை தொங்க உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் ஒரு மதகுச் சுவர்மேல் வயிறு பட குப்புறக் கிடந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"உள்ள ஆறு கோழியும் கூவுதுய்யா" என்றார். தலையைத் தூக்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் டீக்கடைக்காரர் ஒருவர், "முன்னால ரெண்டே பேருதான் போறாங்க" என்றார். அப்படியானால் அந்தோணி மூன்றாவது! சிவப்புப் பனியனை எங்கே தாண்டினோம் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஓர் ஊரில் சொம்புக்குள் என் முகம் இருந்தபோது நடந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். தூரத்துப் புழுதியில் சிவப்பாக ஏதோ அசைந்தது. அவ்வளவுதான், எனக்குக் கூழ் முழுவதும் ஒரு தடவை புரண்டு படுத்தது.

"வர்றான்டா! பின்னாலே வர்றான்! ஓடு!"

"நீங்க வாங்க மாமா. உங்க மூஞ்சி சரியில்ல."

கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு பம்பைக் கோஷ்டி எங்களோடு சேர்ந்துகொண்டது. வேண்டுதலைக்காரனைத் தனியாக அனுப்பக்கூடாதாம். கட்டைவண்டி ஒன்றில் ஏறிக்கொண்டு, மாட்டை விரட்டி, அடித்துக்கொண்டே வந்தார்கள். கூட ஒரு ஐம்பது அறுபது ஜனம். திண்டிவனம் ஊருக்குள் நுழைந்தபோதுதான் ஆபத்து எனக்கு உறைத்தது. பந்தயம் முடிகிற இடம் நேரே, ரயிலடி மைதானம். மேல்மலையனூருக்குப் போகிறவன் இடது பக்கம் திரும்பிச் செஞ்சிச் சாலையில் போக வேண்டும். கூட்டத்துக்கு மைதானத்தைப் பற்றி என்ன தெரியும்? வண்டி முன்னால் போய் நேர்ச் சாலையை மறித்துக்கொண்டு நின்றது. ஜனங்கள் கையைக் கோத்துக்கொண்டு அந்தோணியை அன்போடு இடது பக்கம் தள்ளினார்கள்.

"இப்படி வா சாமி! மலையனூருக்கு வழி இப்படி!"

"நான் ரயிலடிக்குப் போவணும்ங்க! உடுங்க!"

"ஆத்தா கூப்புட்றா, ரயிலடியில இன்னா வேல?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் ரங்கூன் கப்பல் தெரிந்தது. பின்னால் புழுதியில் மறுபடியும் சிவப்பு. நான் கூட்டத்தைப் பிளக்கலாமென்று வேகமாக மிதித்தேன். பிரேக் இல்லாததை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். வண்டிச் சக்கரத்தில் மோதி, சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். விழுந்த அதிர்ச்சியில், விக்கிரவாண்டி முதல் திண்டிவனம் வரை நான் அருந்திய அத்தனை ஊர்க் கூழும் ஒன்றுகூடி விடுதலை கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உருண்டேன். நான் அலறிய அலறல் எனக்கே புதிதாக இருந்தது.

பம்பை ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு மடங்காக எழுந்தது.

"ஆத்தா ஆளு மாறிட்டா! அவன உட்டுட்டு இவர் மேல வந்துட்டா!"

கூட்டம் மொத்தமும் அந்தோணியை விட்டுவிட்டு என்மேல் விழுந்தது. கால்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ நேர்ச் சாலையில் நழுவிப் போவதைப் பார்த்தேன். அதுதான் நான் அந்தப் பந்தயத்தில் கடைசியாகப் பார்த்தது. நாற்பதை நெருங்கிய, பூசைக்குத் தவறாத, பிரெஞ்சு படித்த ஒரு குமாஸ்தாவைத் தலையில் வேப்பிலை வைத்துச் செஞ்சிச் சாலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"தாயே, மழ எப்ப வரும்?" என்றார் ஒரு கிழவர்.

"இதோ வந்துவிட்டது, இறக்கி விடுங்கள்!" என்றேன். அதைவிட உண்மையான வாக்கு எந்தச் சாமியாடியும் சொல்லியிருக்க முடியாது. ஒரு சத்திரத்தின் பின்பக்கத் தோட்டம் கண்ணில் பட்டது. மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தோணி என்னைக் கண்டுபிடித்தபோது சத்திரத்துக் கிணற்றடியில் படுத்திருந்தேன். "மூணாவது மாமா!" என்றான். சொல்லிவிட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும், என் பையிலிருந்த நீள ரொட்டி இரண்டையும் எடுத்து ஒரு துண்டு விடாமல் தின்றான். ஃபோர்மன் கை குலுக்கினாராம். "உன் மாமா எங்கே?" என்று கேட்டாராம். "அவர செஞ்சிப் பக்கம் கூட்டிக்கினு போய்ட்டாங்க சார்" என்றதற்கு, "யார், போலீஸா?" என்றாராம்.

மறுநாள் திங்கட்கிழமை பஸ்ஸில் திரும்பினோம். விக்கிரவாண்டியில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றுவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த பெண்மணி அந்தோணியைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். காளைக்காரி.

"கெடச்சிருச்சுங்க!" என்றாள்.

"வடக்கேயா?" என்றேன், என் காதையே நம்பாமல்.

"தெக்கங்க. வடக்க முச்சூடும் தேடனோம், இல்ல. வடக்க இல்லன்னு தெரிஞ்சதாலதான தெக்க போனோம்? ஆத்தா சொன்னது வீண் போவுமா?"

அந்தோணி எழுந்து நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். பஸ் கிளம்பின பிறகு, "பங்குச் சாமியார் கேட்டா இன்னா மாமா சொல்றது?" என்றான். "எதையும் சொல்லாதே, அவரும் கருவாடு சாப்பிடுகிறவர்தான்" என்றேன். எனக்கே அர்த்தம் தெரியவில்லை. வயிறு அப்படி இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனுக்குக் கப்பலேறிய அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் மலையும் காடுமாக நடந்தே ஊர் திரும்பக் கிளம்பினார்கள். ஒருவன் வந்து சேர்ந்தான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து என் அக்காள் அந்த மஞ்சள் பனியனைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள், அது நைந்து போகும்வரை. நானும் எங்கே நாலு பேர் கூடினாலும் செஞ்சிச் சாலைக் கதையை எடுத்துவிடுவேன். ஒரு மனிதனுடைய வயிறு இன்னொருவனுடைய தலையெழுத்தை மாற்றியதற்கு வேறு எங்கே உதாரணம் இருக்கிறது?

போன மாதம் ஒரு வேலையாகத் திண்டிவனம் போயிருந்தேன். ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. எஞ்சினிலிருந்து டிரைவர் இறங்கி வந்தான். நரை தொட்ட காது, தொப்பை, பல்லும் கண்ணும் தவிர மற்றதெல்லாம் கரி. அந்தோணி. அவனுக்குச் சிக்னல் விழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். செஞ்சிச் சாலை இருக்கிற திக்கைப் பார்த்துக்கொண்டு, நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்தச் சிவப்புப் பனியன் மட்டும் எங்களைப் பிடித்திருந்தால் என்று சொல்லி உடம்பைச் சிலிர்த்தேன்.

அந்தோணி டீக் கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"அந்த ஆளு கூட்டேரிப்பட்டுலயே வயித்த வலின்னு பஸ் ஏறிட்டான் மாமா. ஜன்னல்லருந்து உங்களுக்குக் கையாட்டுனானாம், நீங்க கூழு குடிச்சிக்கினு இருந்தீங்களாம்."

"அப்படியானால் பின்னால் சிவப்பாகத் தெரிந்தது?"

"மொளகா வண்டியா இருக்கும்."

"இத்தனை வருஷம் ஏண்டா சொல்லவில்லை?"

"நீங்க சந்தோசமா சொல்லிக்கினு இருந்தீங்க, எதுக்குக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்." சிக்னல் விழுந்தது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எஞ்சினில் கால் வைத்தபடி சொன்னான்: "எல்லாருக்கும் வயிறு போய்ட்டுது மாமா. கடைசி வரைக்கும் வந்து சேர்ந்ததே மூணு பேருதான். மலையனூருக்குப் போயி கூழ் ஊத்திட்டுத் திரும்பி வந்திருந்தாலும் நான் மூணாவதுதான்."